திருமுழுக்குக்குப் பிறகு யாரைக் கேட்பது?

பெரியவரான பிறகு விசுவாசத்துக்கு வருபவர்களுக்குக் கத்தோலிக்க ஆலயங்களில் பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின இரவு திருமுழுக்கு கொடுக்கிறார்கள். அதுவரை ஞானோபதேச வகுப்பு, கேள்வி கேட்க உபதேசியார் என்று எல்லாம் இருக்கும். பிறகு வகுப்பு நின்றுவிடும், சங்கடமோ அப்போதுதான் ஆரம்பிக்கும். ஜெபம் வறண்டுபோகும். விட்டுவிட்டதாக நினைத்த குடியோ கோபமோ திரும்பி வரும். அப்பாவின் திதிக்கு அண்ணன் கூப்பிடுவார், போவதா வேண்டாமா என்று தெரியாது. எண்ணூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு ஞாயிறு பூசையே தவறும்.

இதையெல்லாம் விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள். 1972-ல் ரோம் வெளியிட்ட பெரியவர்களுக்கான புகுமுகச் சடங்கு முறை, ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையுள்ள நாட்களையும் பயிற்சிக் காலமாகவே வைத்திருக்கிறது. புதியவருக்குத் துணை தேவைப்படும் என்பது திருச்சபைக்குத் தெரிந்த விஷயம்.

முதல் துணை உங்கள் ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன். புதுத்துணி எடுத்துக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறோம். 16 வயது நிறைந்து, உறுதிபூசுதல் பெற்று, விசுவாசத்தில் நடப்பவராக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கேட்பதே, அவர் உங்களோடு கூட நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். கூச்சப்படாமல் போன் செய்யுங்கள்.

அடுத்தது அன்பியம். பக்கத்துக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி பைபிள் வாசிக்கும் குழு இது. பொதுவான சந்தேகங்களுக்கு நல்ல இடம், ஆனால் குடும்ப ரகசியத்தை அங்கே அவிழ்க்க வேண்டாம். அதற்குப் பங்குத்தந்தை இருக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. பூசை முடிந்ததும், "ஃபாதர், தனியா பத்து நிமிஷம் பேசணும், எப்ப வரலாம்?" என்று கேட்டால் போதும். உங்கள் ஷிப்ட் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சி.எஸ்.ஐ. சபையில் ஆயரிடமும், பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டரிடமும் இப்படியே கேட்கலாம். பேசுவது வெளியே போகாதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

எப்போது கேட்பது? ராயபுரத்தில் கோவில் கொண்டிருக்கும் ராயப்பர், அதாவது பேதுரு, கடலை அறிந்த மீனவர். மத்தேயு 14-ஆம் அதிகாரத்தில் அவர் அமிழத் தொடங்கிய உடனேயே ஆண்டவரைக் கூப்பிடுகிறார், முழுவதும் மூழ்கும்வரை காத்திருக்கவில்லை. ஒரு வாரமாக ஜெபிக்க முடியவில்லை என்றாலே பேசப் போகலாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஜெபத்துக்கு விலை பேசுபவரிடமும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் போகாதீர்கள். தூக்கமே வராமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஜெபத்தோடு மருத்துவ உதவியும் உடனே வேண்டும். அரசின் டெலி மனஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.