கொலஸ்டமிப் பையுடன் அன்றாட வாழ்க்கை

பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொண்டுவந்து தைத்து, மலம் அவ்வழியாக வெளியேறும்படி செய்யும் அறுவை சிகிச்சை கொலஸ்டமி எனப்படும். வயிற்றில் தெரியும் அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்தில் குடல் கிழிதல் போன்றவற்றுக்கும், ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் இது செய்யப்படுகிறது. சிலருக்குச் சில மாதங்களில் குடலை மீண்டும் இணைத்துவிடுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

ஸ்டோமா உதட்டின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஓரிரு சொட்டு இரத்தம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அடக்கி வைக்கும் தசை அங்கே இல்லாததால் மலமும் காற்றும் தாமாகவே வெளிவரும். அதற்காகத்தான் பை. இன்று நாம் ஒட்டிப் பயன்படுத்திவிட்டு எறியும் பையை 1954இல் முதலில் சிந்தித்தவர் டென்மார்க் நாட்டுச் செவிலியர் எலிசே சோரன்சன். ஸ்டோமா வைக்கப்பட்ட அவருடைய சகோதரி தோரா, எங்கே கசிந்துவிடுமோ என்று அஞ்சி வெளியே போகாமல் இருந்தார். சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளிலும் இருப்பது அதே அச்சம்தான். கல்யாணத்துக்குப் போகாமல், பேருந்து ஏறாமல், "சாப்பிட்டால்தானே வரும்" என்று வயிற்றைக் காயப்போடுபவர்கள் உண்டு.

கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஒட்டும் தட்டில் வெட்டும் துளையின் அளவு. துளை பெரிதானால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். புண்ணான தோலில் தட்டு ஒட்டாது, ஒட்டாவிட்டால் மீண்டும் கசியும். துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். அறுவை முடிந்த முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே மருத்துவமனையில் முதல் நாள் வெட்டிய அளவையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது; வாரம் ஒரு முறை அளக்க வேண்டும். சரியான வட்டத்தை ஓர் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் வீட்டில் யாரும் அதைப் பார்த்து வரையலாம். பள்ளிப் பிள்ளைகூடச் செய்யும்.

தட்டை மாற்றக் காலையில் சாப்பிடுவதற்கு முந்தைய நேரம் நல்லது. மேலிருந்து கீழாக, தோலை அழுத்திப் பிடித்தபடி மெதுவாகப் பிரிக்கவும். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால், தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் தட்டு நிற்காது. தோலை ஒற்றி உலர்த்திய பின், தட்டை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்துச் சூடாக்கி ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். பொதுவாக 3 அல்லது 4 நாள் தாங்கும். கத்திரி வெயிலில் வியர்வையால் முன்கூட்டியே கழலலாம். அரித்தாலோ எரிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். காசை மிச்சம் பிடிக்கக் கசியும் தட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டுவது புண்ணுக்கு வைத்தியச் செலவைத்தான் கூட்டும். மாற்றுப் பைகளை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கக் கூடாது, பசை இளகிவிடும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில் தாழ்வான முக்காலி உதவும். பழைய பையைக் கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். காலி செய்து, தாளில் சுற்றிக் குப்பையில் சேர்க்கவும். குளிக்கலாம், ஸ்டோமாவுக்குள் தண்ணீர் போகாது.

உணவில் பெரிய தடை இல்லை. நாமக்கல்காரருக்கு முட்டையை விடச் சொன்னால் கேட்பாரா? சாப்பிடலாம். ஆனால் முட்டை, வெங்காயம், பூண்டு, மீன் ஆகியவை வாடையைக் கூட்டும். மொச்சையும் முட்டைகோசும் காற்றைக் கூட்டும். வெளியூர் போகும் நாளில் தவிர்த்தால் போதும். மோர் வாடையைக் குறைக்கும். குச்சிக்கிழங்கு, களி எதுவானாலும் நன்றாக மென்று, போதிய தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலம் இறுகும்.

வேலைக்குத் திரும்புவோர் பாரம் தூக்குவதில் கவனமாக இருக்க வேண்டும். ஸ்டோமாவைச் சுற்றி வயிற்றுச் சுவர் தளர்ந்து குடல் பிதுங்க இடமுண்டு. லாரி ஓட்டுநர் சீட் பெல்ட் பையின்மேல் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைத்தறியில் துணி சுருட்டும் கட்டை வயிற்றருகே வருவதால் நெசவாளருக்கும் இதே கவனம் தேவை. வேட்டி முடிச்சோ பாவாடை நாடாவோ ஸ்டோமாவின் மேல் வரக் கூடாது. திட்டமிட்ட அறுவை என்றால், முதல் நாளே நோயாளியை நிற்கவும் உட்காரவும் குனியவும் வைத்து இடத்தைக் குறிக்கும்படி அறுவை மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பின்னால் அந்த இடத்தை மாற்றுவது எளிதல்ல.

ஸ்டோமா கருநீலமாகவோ கருப்பாகவோ மாறினால், இரத்தம் நிற்காமல் வந்தால், குடல் வழக்கத்தைவிட நீளமாக வெளியே தள்ளினால், அல்லது மலமும் காற்றும் நின்று வயிறு வலித்து வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.