கோடையில் சட்டம் படிக்க தி ஹேக்: எந்த 3 வாரம்?

ஐரோப்பாவில் கோடைக்காலச் சட்ட வகுப்பு என்றால், ஊர் அழகைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. போன பிறகு, “இந்தப் பாடம் நமக்கு உதவாதுப்பா” என்று கையைப் பிசைவார்கள்!

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச சட்ட அகாடமியில் முதலில் பார்க்க வேண்டியது பாடத்தைத்தான்.

அரண்மனையில் வகுப்பு

1923-ல் தொடங்கிய வகுப்பு இது. நடக்கும் இடம், 1913-ல் திறந்த சமாதான அரண்மனை வளாகம். நாடுகளின் வழக்கை விசாரிக்கும் சர்வதேச கோர்ட்டும் அங்கேதான்.

இரண்டு வகை

அங்கே கோடை என்றால் ஜூலை, ஆகஸ்டு. வகுப்பு இரண்டு வகை. ஒவ்வொன்றும் 3 வாரம்.

நாடுகளுக்குள் போர், எல்லை, கடல் தகராறு வந்தால் என்ன சட்டம்? இது ஒரு வகை.

கணவன் ஒரு நாட்டில், மனைவி வேறு நாட்டில். விவாகரத்து வழக்கு எந்தக் கோர்ட்டில்? குழந்தை யாரிடம்? இது இன்னொரு வகை.

பெயர் என்னவோ இரண்டுக்கும் ‘சர்வதேச சட்டம்’தான். மாற்றிச் சேர்ந்தால் விமானச் செலவு வீண்!

டிப்ளமா சுலபமல்ல

ஒழுங்காக வகுப்புக்கு வந்தால் சான்றிதழ். டிப்ளமாவுக்குத் தனிப் பரீட்சை; தேறுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

உதவித்தொகை உண்டு. ஆனால் பல மாதம் முன்பே மனுப் போட வேண்டும்.