திருச்சியில் எடுத்த ஆள், பதுளையில் சரிந்த மலை

இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பிடித்துத் தர 1904-இல் ஒரு தொழிலாளர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் கொழும்பில் இல்லை, திருச்சியில் இருந்தது. காவிரி பாய்கிற ஊர்தான், ஆனால் நிலமில்லாதவனுக்கு ஆறு ஓடி என்ன பயன்? இலங்கைக்குப் போனவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆள் திரட்டும் கங்காணி முன்பணம் தருவார். வழிச்செலவும் அரிசியும் கடனில் ஏறும். தோட்டம் மாறினாலும் அந்தக் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் கூடவே போகும். புதுத் துரை அதை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். இந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது.

அவர்களுக்கு முன்பே போனவர்கள் காப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869-இல் காப்பியை இலைநோய் தாக்கியது. பிறகு அதே மலைகளில் தேயிலை ஏறியது. வெள்ளைத் துரைக்குப் பங்களா, தமிழருக்கு லயம் என்ற வரிசை வீட்டில் 10 அடிக்கு 12 அடி அறை. ஆழமாக வேரோடிய மரங்கள் போன சரிவில், பெருமழையின்போது மண் பிடிப்பை இழக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது ஒரே நாளில் கொட்டும்போது முதலில் சரிவது இத்தகைய இடங்கள்தான்.

பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை அதுதான் நடந்தது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தார்கள். அங்கே இருக்காதீர்கள் என்று 2005-இலும் 2011-இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. சரி, எங்கே போவது? லயமும் தோட்டத்துடையது, லயத்தைச் சுற்றிய மண்ணும் தோட்டத்துடையது. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோதும் மலையக மாவட்டங்களில்தான் பெருமளவில் மண் சரிந்தது.

‘பருவநிலை நீதி’ என்றால் புகை விட்ட நாடு பணம் தர வேண்டும் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். யாரை எந்தச் சரிவில் யார் குடிவைத்தார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். 1948-இல் இலங்கை இந்த மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1983 கலவரத்துக்குப் பின் தாய்மண் என்று ஓடிவந்தவர்களில் சிலர் திருச்சி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டு முகாமில் இன்னும் அகதிகள்தான். அவர்களின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது.

2022-இல் எகிப்து மாநாட்டில் இழப்பு, சேத நிதி ஒன்றுக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்தப் பணம் கொழும்பு வரை வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அது மலையேறும்போது அதிகாரி முதலில் கேட்பது காணி உறுதியாகத்தான், அதாவது நிலப் பத்திரமாகத்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கான இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்பது பெரிய அளவில்லை; ஆனாலும் பாதுகாப்பான இடத்தில், தொழிலாளியின் பெயரிலேயே உறுதியோடு அது கிடைப்பதுதான் நிவாரணத்துக்கும் முந்தி நடக்க வேண்டிய வேலை.