தாய் சேய் மரண ஆய்வு நிலைத்து நடைபெற

கறவை மாடொன்று திடீரென்று இறந்துவிட்டால் விவசாயி அதனைப் புதைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. எங்கே மேய்ந்தது, எதைத் தின்றது, எப்போது வயிறு உப்பிற்று என்று நாலு பேரை விசாரிக்கிறார். மிஞ்சிய மாட்டைக் காப்பாற்ற வேண்டுமே என்பது அவர் கவலை. பிரசவத்தில் ஒரு பெண் மாண்டாலோ, பிறந்த குழந்தை மூன்றாம் நாள் கண்மூடினாலோ, 'விதி' என்ற ஒரே சொல்லில் நமது விசாரணை முடிந்துவிடுகிறது. அவ்வாறு முடிந்துவிடலாகாது என்பதற்காக ஏற்பட்டதே தாய் சேய் மரண ஆய்வு.

கர்ப்ப காலத்திலோ, பிரசவமான அல்லது கரு கலைந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தைச் சார்ந்த காரணத்தால் ஒரு பெண் இறப்பின் அது தாய் மரணம். பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தை இறப்பின் அது பச்சிளங்குழந்தை மரணம். தாய் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் முறையைத் தமிழ்நாடு 1990-களிலேயே மேற்கொண்டது. நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை மத்திய அரசாங்கம் 2010-இல் வெளியிட்டது. குழந்தை மரண ஆய்விற்கு 2014-இல் நெறிமுறைகள் வந்தன. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி நம் மாநிலத்தில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-இல் 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20-இல் 54 பேர். இக்குறைவிற்கு ஆய்வு ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். இரவும் பகலும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008 முதல் ஓடும் 108 வண்டிகள், இரத்தச் சேமிப்பு வசதி ஆகிய யாவும் சேர்ந்து விளைந்த பயன் இது. ஆனால், இவற்றுள் எது எவ்வூரில் உரிய வேளையில் உதவவில்லை என்பதை அறிய ஆய்வைத் தவிர வேறு வழியில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை அசோக் நகரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணொருத்தி, வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்திற்காக மதுராந்தகத்தை அடுத்த கிராமத்திலுள்ள தாய்வீட்டிற்கு வருகிறாள். நகரத்தில் அவளைப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்பர். அவள் வந்திருப்பது கிராம சுகாதார செவிலியருக்கு மூன்று வாரம் வரை தெரியவில்லை. வலி கண்டு, அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் பிரசவமாயிற்று. உதிரப்போக்கு நிற்கவில்லை, அங்கே இரத்தம் இல்லை, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிர் பிரிந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தையும் பத்தாம் நாள் இறந்தது.

தாயின் சான்றிதழ் 'இருதயம் நின்றது' என்று மட்டும் கூறலாம். யாருக்குத்தான் இருதயம் நிற்காமல் மரணம் வருகிறது? ஆய்வு அதற்கு அப்பால் கேட்கிறது. சோகைக்கு என்ன சிகிச்சை நடந்தது? இடம் மாறியதை நகரச் செவிலியர் கிராமச் செவிலியருக்கு அறிவித்தாரா? வீட்டார் புறப்படத் தாமதித்தனரா, வண்டி தாமதமா, மருத்துவமனையில் தாமதமா? தாயை இழந்த எடை குறைந்த சிசுவைக் கவனித்தவர் யார்? இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியூரில் நேர்ந்தது என்று நகரம் விட்டுவிடக்கூடும். நம் ஊர்ப் பதிவில் இல்லாதவள் என்று கிராமமும் விட்டுவிடக்கூடும். இரண்டு இடத்தாரும் தெரிவித்தால், மரணம் இருமுறை பதிவானாலும் பாதகமில்லை, பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். எவ்விடத்தும் பதியாமற் போவதே பெருங்கேடு.

மரணச் செய்தி 24 மணி நேரத்திற்குள் சுகாதாரத் துறைக்குச் சேரவேண்டும். பின்னர் வீட்டிலும் மருத்துவமனையிலும் விசாரணை நடக்கும். மாவட்டக் குழு அவற்றைப் பரிசீலிக்கும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்விற்கு இறந்தவரின் உறவினரையும் அழைக்கவேண்டும் என்பது விதி. கல்லாத ஒரு தாயார் ஆட்சியரின் முன் அமர்ந்து, "எத்தனை மணிக்கு வண்டி வந்தது" என்று தாமே கூறுவது சிறு காரியமன்று.

இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆயினும் சில இடங்களில் ஆய்வு நாளடைவில் வெறும் படிவமாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். முதற் காரணம் அச்சம். நாம் இருந்த ஒரு கூட்டத்தில், வீட்டிற்குச் செல்லத் தவறியதை ஒளிக்காமல் கூறிய செவிலியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டார். அடுத்து வந்த படிவங்களில் ஒரு குறையும் இல்லை. எல்லாப் பத்திகளிலும் 'முறைப்படி செய்யப்பட்டது' என்றே இருந்தது. இந்த ஆய்வு குற்றவாளியைத் தேடுவதற்கன்று என்று நெறிமுறை கூறுவதன் பொருள் அன்றுதான் நமக்கு முழுதும் விளங்கிற்று.

இரண்டாவது, தீர்மானம் எழுதி அத்துடன் விட்டுவிடுவது. 'போக்குவரத்து மேம்படுத்தப்பட வேண்டும்' என்றால் யார், எந்தத் தேதிக்குள்? அடுத்த கூட்டத்தின் முதற் கேள்வியே சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்பதாக இருக்கவேண்டும். அதிகாரிகள் மாறலாம், நாமும் மாற்றலாகிப் போவோம். ஆகையால் அக்கேள்வி பதிவேட்டில் இருக்கவேண்டும், ஒருவர் நினைவில் அன்று.

மூன்றாவது காரணம் விசித்திரமானது: மரணம் குறைவதே ஆய்வு சோர்வதற்கும் காரணமாகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952-இல் தொடங்கிய இரகசிய விசாரணை, இறப்பு மிகக் குறைந்த பின்னும், ஐக்கிய இராச்சியம் முழுவதற்குமாக இன்றும் நடைபெறுகிறது. அறுவைப் பிரசவத்திற்குப் பின் இரத்தம் உறைந்து தாய்மார் இறப்பதை அது சுட்டிக்காட்டியது. 1995-இல் மருத்துவர்களுக்குத் தடுப்பு வழிமுறை வகுக்கப்பட்டது. அதன்பின் அவ்வகை மரணங்கள் குறைந்தன. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் சங்கமே 2004 முதல் இத்தகைய இரகசிய ஆய்வை நடத்திவருகிறது. நம் ஒன்றியத்தில் ஓராண்டில் ஒரு தாயும் இறக்கவில்லை என்றால் மகிழ்ச்சியே. அப்போதும் பச்சிளங்குழந்தை மரணங்களையும், மரண வாயில்வரை சென்று மீண்ட தாய்மாரின் வரலாற்றையும் கூட்டத்தில் வைத்துப் பேசலாம். பிழைத்தவர் வாய்மொழியாகக் கேட்பதில் ஒரு வசதியுண்டு: வீட்டார் மனம் விட்டுப் பேசுவர்.

ஊராட்சி அங்கத்தினர்கள் செய்யக்கூடியது அதிகம். தாய்வீட்டிற்கு வந்த கர்ப்பிணியைப் பற்றி அவ்வாரமே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவளுடைய ஆர்.சி.எச். எண்ணும் பரிசோதனைச் சீட்டும் உடன் வந்தனவா என்று கேளுங்கள். அவ்வெண் பிறப்புச் சான்றிதழுக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர்; அவளுடைய பழைய பரிசோதனை விவரம் புதிய ஊரில் கிடைப்பதும் அதனாலேதான். மரணம் நேர்ந்தால், தனியார் மருத்துவமனையில் நேர்ந்ததாயினும், மறைக்காமல் தெரிவியுங்கள். விசாரணைக்கு வருபவரைச் சூழ்ந்து கூட்டம் போடவோ, பழைய கட்சிப் பகையை அங்கே கொண்டுவரவோ வேண்டாம். ஆய்வில் உங்கள் ஊர்ச் சாலையின் பெயர் வந்திருந்தால் அதனைக் குறித்துவைத்து, பெயர்கள் எதையும் வெளியிடாமல், அடுத்த கிராம சபையில் அச்சாலையைப் பற்றிக் கேளுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அக்கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நாமே.