கைகொடுக்கும் கஜானா – 7: சூளை நெருப்புக்கு மானியம் உண்டா?

கடந்த வாரம் கிண்டியைப் பார்த்தோம். 1958இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் யாரும் எந்தத் தொழிலும் நடத்தலாம். விருத்தாசலத்தின் கதை வேறு. இங்கே பீங்கான் என்ற ஒரே தொழிலுக்காக அரசு ஒரு பேட்டையையே அமைத்தது. பக்கத்திலேயே பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிலையமும் வந்தது.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மண். அரை மணி நேரப் பயணத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. ரயிலோ நான்கு திசைக்கும் உண்டு. விழுப்புரம் – திருச்சி பாதை இவ்வழியே போகிறது. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. பக்கத்து வடலூரில் நெய்சர் கழிப்பறைப் பீங்கான் ஆலை எழுந்ததும் இதே மண்வளத்தை நம்பித்தான்.

விருத்தாசலத்துப் பட்டறைகள் சிறியவை. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், கப் அண்ட் சாசர், ஊறுகாய் ஜாடி, பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று செய்கிறார்கள். பெரும்பாலும் வழி ஒன்றுதான். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் பால் மில்லில் அரைத்துக் கூழாக்க வேண்டும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி எடுத்துக் காயவைத்து, கிளேஸ் பூசி, 1,200 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அச்சு வேலைக்கு ஒரு குடும்பத்தின் கைகள் போதும். அரைப்பதும் சுடுவதும் ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. சூளையை அரைகுறையாக நிரப்பிச் சுட்டால் எரிபொருள் செலவே லாபத்தை விழுங்கிவிடும். ஒரே தொழிலுக்கான பேட்டை என்ற யோசனையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பலர் அருகருகே இருந்தால் மண்ணைச் சேர்த்து அரைக்கலாம், சூளையைச் சேர்ந்து நிரப்பலாம். அரசு தந்த உதவிகளில் இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய உதவி பெரும்பாலும் விழுக்காட்டுக் கணக்கில் வருகிறது. 2008இல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பாருங்கள். ஒரு பெண் 20 லட்ச ரூபாயில் பீங்கான் பட்டறை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து 5 விழுக்காடு, அதாவது 1 லட்சம் போட வேண்டும். மீதியை வங்கி கடனாகத் தரும். பட்டறை நகராட்சி எல்லைக்குள் இருந்தால் மானியம் 25 விழுக்காடு, 5 லட்சம். ஊராட்சிப் பகுதியில் இருந்தால் 35 விழுக்காடு, 7 லட்சம். எல்லைக்கோட்டைத் தாண்டி இடம் பார்த்தாலே 2 லட்ச ரூபாய் வித்தியாசம் வருகிறது. கொட்டகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். மானியம் நேராகக் கைக்கு வராது. வங்கியில் 3 ஆண்டுகள் தனியாக நிற்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. தொழில் நடப்பதை உறுதிசெய்த பிறகே கடனில் கழியும்.

டிப்ளமோ முடித்த முதல் தலைமுறைக்காரருக்குத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் 2012 முதல் இருக்கிறது. திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம், வட்டியில் 3 விழுக்காடு தள்ளுபடி. விருத்தாசலத்தில் படித்துவிட்டு வெளியூர் டைல்ஸ் ஆலைக்கு வேலை தேடிப்போகும் பிள்ளைகளுக்கு இதைக் கல்லூரியிலேயே, கடைசி ஆண்டிலேயே, எடுத்துச் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத் தொழில் மையம் வரை அவர்களாகத் தேடி வரட்டும் என்று காத்திருப்பது சரியல்ல.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். மாநில அரசின் முதலீட்டு மானியம் இயந்திரத்துக்கு உண்டு. சூளையும் அதில் அடங்கும். குறுந்தொழிலுக்கு மின் கட்டணத்தில் 20 விழுக்காட்டை 36 மாதங்களுக்குத் திருப்பித் தரும் திட்டமும் உண்டு. ஆனால் மின்சாரத்தில் ஓடுவது பால் மில். சூளையில் எரிவது விறகு, எண்ணெய், இல்லையென்றால் எரிவாயு. பட்டறைக்காரரை அழுத்தும் செலவு அதுதான். வங்கிக் கடனில் நடைமுறை மூலதனமாக ஒரு சுற்றுக்குச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு அவர் பாடு.

எரிபொருள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை குஜராத்தின் மோர்பி காட்டியது. நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி அங்கேதான். மாசு காரணமாக நிலக்கரி வாயு உலைகளை மூடும்படி 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. வாயு விலை ஏறிய 2022 ஆகஸ்டில் அந்தப் பெரிய ஆலைகளே ஒரு மாதம் உற்பத்தியை நிறுத்தின. அவர்களுக்கே அந்த நிலை என்றால், அகல் விளக்குச் சுடுகிறவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

வழிகள் இரண்டு தெரிகின்றன. ஒன்று, மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டம். பொது வசதி மையத்துக்கு, 5 முதல் 10 கோடி வரையிலான திட்டத்தில் 70 விழுக்காட்டை மத்திய அரசே தருகிறது. மண் தயாரிப்பும் எரிவாயுச் சூளையும் பொதுவில் அமையலாம். பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு நிறுவனமாகப் பதிந்து தங்கள் பங்கைப் போட வேண்டும். அந்த ஒற்றுமையை உண்டாக்க மாவட்ட அதிகாரி ஒருவர் மாதக்கணக்கில் உடன் உட்கார்ந்தாக வேண்டும். மற்றொன்று, மின் கட்டண மானிய விதியிலேயே சூளை எரிபொருள் ரசீதையும் சேர்ப்பது. அதே 20 விழுக்காடு, அதே 36 மாதம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த மானியக் கோரிக்கையின்போது, விருத்தாசலத்தின் பெயரைச் சொல்லி, அமைச்சர் அறிவித்தால் போதும்.

(தொடரும்)