மலைக்குளிருக்கு ஒரு டப்பா கோகோ

மார்கழியில் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் போய், வளைவுகள் தொடங்கியதும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். மேலே இறங்கியதும் பெரியவர்களுக்கு டீயோ சுக்குக் காப்பியோ போதும். பிள்ளைகள்தான் சாக்லேட் பால் கேட்டு மூக்கைச் சிந்துவார்கள்.

அதற்காகக் கடையில் ஆயத்த மாவு வாங்கிப் போக வேண்டாம், வீட்டிலேயே கலந்து வைக்கலாம். 'டிரிங்கிங் சாக்லேட்' டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களில் எடை கூடியதையே முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அங்கே நிற்பது சர்க்கரை. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையில் காட்டாதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னதும் நினைவிருக்கலாம்.

சர்க்கரைக்காகவா இவ்வளவு விலை? நாம் ஏறிவந்த வழியில், கச்சிராயபாளையத்திலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. மாவட்டத்தின் இன்னொரு ஆலை மூங்கில்துறைப்பட்டில். பானம் கெட்டிப்பட வெளிநாட்டார் கார்ன்ஃப்ளார் போடுவார்கள். மக்காச்சோளம் நம் பக்கத்திலும் விளைகிறதுதான். ஆனாலும் என் ஓட்டு கேழ்வரகுக்கு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினையோடு தலைமுறைகளாக விதைத்துவரும் தானியம் அது. முளைகட்டி, உலர்த்தி, வாசம் வர வறுத்து அரைத்தால் அதற்கே ஒரு லேசான இனிப்பு வந்துவிடும். சர்க்கரை அந்த அளவுக்குக் குறையும். வெளியூர்ச் சரக்கு என்றால் முக்கியமாகக் கோகோதான். அதுவும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது.

இனிப்பில்லாத கோகோத் தூள் ஒரு கப், பால் பவுடர் இரண்டு கப், பொடித்த சர்க்கரை ஒரு கப், கேழ்வரகு மாவு அரை கப். இவற்றோடு சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், ஏலக்காய் நாலு, உப்பு அரை டீஸ்பூன். உப்பை விட்டுவிடாதீர்கள், கோகோவின் கசப்பை அடக்குவது அதுதான். எல்லாவற்றையும் இரண்டு முறை சலித்து ஈரமில்லாத டப்பாவில் போட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

வெல்லம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் பொடி கட்டியாகிவிட்டது, கொதிக்கும்போது பால் திரிந்தது. வெல்லத்துக்கு ஈரத்தை இழுக்கும் குணம். கொஞ்சம் புளிப்பும் உண்டு. வெல்லம்தான் வேண்டுமென்றால் இறக்கி ஆறவிட்டபின் கலந்துகொள்ளுங்கள்.

கலக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். கோகோ விதையை அழுத்திக் கொழுப்பைப் பிரித்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை அரைத்ததே கோகோத் தூள். 1828இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் காட்டிய வழி. ஆனால் கொழுப்பு முழுதும் போவதில்லை. அதனால் கொதிக்கும் தண்ணீரில் பொடியை நேரே கொட்டினால் திரண்டு மிதக்கும், உள்ளே கேழ்வரகு வேகாமல் நிற்கும். ஒரு டம்ளருக்கு மூன்று ஸ்பூன் பொடியை வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பசையாகக் குழையுங்கள். மீதித் தண்ணீரை ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறியபடி மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனால் இறக்கிவிடலாம். பிறகு டபராவில் நாலு ஆற்று ஆற்றினால் நுரை தானே வரும்.

கோகோ வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். சேர்மானம் என்ற இடத்தில் கோகோவைத் தவிர சர்க்கரையும் எழுதியிருந்தால், அந்த டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.