நைட்ரஸ் டியூனிங்: குதிரைத்திறன் கூடுவது எங்கே, பிஸ்டன் உருகுவது எங்கே

நைட்ரஸ் ஆக்சைடு எரியாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. 2001-இல் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படம் வந்த பிறகு, பொத்தானை அழுத்தினால் காரைச் சீறிப் பாயவைக்கும் ஏதோ ஒரு வெடிபொருள் என்றே அது பலர் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. எரிவது பெட்ரோல்தான். அது எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை நைட்ரஸ் சுமந்து வருகிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 விழுக்காடு, நைட்ரஸில் 36. இன்ஜினுக்குள் சூடு ஏறியதும் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜன் விடுபடுகிறது. அந்த ஆக்சிஜனுக்கு ஈடான பெட்ரோலும் கூடவே போனால் குதிரைத்திறன் ஏறும். போகாவிட்டால் பிஸ்டன் உருகும்.

இன்னொரு பலனும் உண்டு. பாட்டிலில் திரவமாக இருக்கும் நைட்ரஸ், வெளியே வந்ததும் மைனஸ் 88 டிகிரியில் கொதித்து வாயுவாகிறது. அப்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் அடங்கும்.

இது கார்க்காரர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. இரண்டாம் உலகப் போரில், காற்று மெலிந்த உயரத்தில் மூச்சுத் திணறிய விமான இன்ஜின்களுக்கு ஜெர்மானியர்கள் ஜிஎம்-1 என்ற பெயரில் நைட்ரஸ் கொடுத்தார்கள். 1976 டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச்சுற்றில் ஏ. ஜே. ஃபாய்ட், டேரல் வால்ட்ரிப் இருவரின் நேரங்களும் நைட்ரஸ் விவகாரத்தில் ரத்தாயின. இரண்டே ஆண்டுகளில், 1978-இல், கலிபோர்னியாவில் என்ஓஎஸ் நிறுவனம் தொடங்கியது. பந்தயத்தில் கள்ளத்தனமாக இருந்தது கடையில் விற்கும் கிட் ஆயிற்று. கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓடும் அமெரிக்க டிராக் பந்தயம்தான் இதற்குப் பொருத்தமான களம். சில நொடிகளுக்கு மட்டும் வேண்டிய பலத்துக்கு இதைவிட மலிவான வழி குறைவு. நம் ஊர்ச் சாலையில் ஓடும் காருக்கு இது வேண்டாம். தயாரிப்பாளரின் அளவுகளை மீறி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

கிட்டில் இருப்பவை எளிய பொருள்கள்: பாட்டில், உலோக வலை சுற்றிய குழாய், மின்சாரத்தில் திறக்கும் சோலினாய்டு வால்வு, நுனியில் ஜெட். நைட்ரஸ் மட்டும் தெளித்து, பெட்ரோலைக் காரின் இன்ஜெக்டர்களே கூட்டிக் கொடுத்தால் அது டிரை சிஸ்டம். நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசிலில் சேர்ந்து வந்தால் வெட் சிஸ்டம். ஜெட் என்பது துல்லியமாகத் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு. அதன் மேல் உள்ள எண் துளையின் விட்டம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. குதிரைத்திறனைக் கூட்ட வேண்டுமானால் ஜெட்டை மாற்றுவார்கள். ஆனால் ஜெட் மாற்றுவது மட்டும் டியூனிங் ஆகிவிடாது.

துளை வழியே எவ்வளவு நைட்ரஸ் போகிறது என்பதைத் துளை மட்டும் தீர்மானிப்பதில்லை; பின்னால் இருந்து தள்ளும் பாட்டில் அழுத்தமும் தீர்மானிக்கிறது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். 20 டிகிரி வெப்பநிலையில் பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் 730 பிஎஸ்ஐ. 30 டிகிரியில் 900-ஐத் தாண்டும். கிட்டுகள் பெரும்பாலும் 900 முதல் 1000 பிஎஸ்ஐ வரை இருக்கும் என்று வைத்துத்தான் ஜெட் அளவு தருகின்றன. பாட்டில் குளிர்ந்திருந்தால் நைட்ரஸ் குறைவாக வரும், பெட்ரோல் அப்படியே வரும். கலவை செழிப்பாகி, வேகம் மந்தமாகும். இன்ஜினுக்குக் கேடு குறைவு. பாட்டில் சூடேறியிருந்தால் நிலைமை தலைகீழ்: நைட்ரஸ் மிஞ்சி, பெட்ரோல் போதாமல், கலவை மெலிந்துவிடும். அதிலும் 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸில் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய், அடர்த்தி கணிசமாக மாறிவிடும். ஜெட் கணக்கு எதுவும் பொருந்தாது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது பெரிய ஜெட் அல்ல, அழுத்தமானி. குளிர்ப் பிரதேசங்களில் பாட்டிலுக்கு மின் ஹீட்டர் சுற்றுவார்கள். குறித்த அழுத்தம் வந்ததும் அது தானே அணைய வேண்டும். பாட்டிலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது, நைட்ரஸின் இயல்பு. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது சாதாரண ஜெட்டுக்குத் தெரியாது. ஒரே சீராக ஊற்றிக்கொண்டே இருக்கும். 100 குதிரைத்திறன் கூட்ட நொடிக்கு ஏறக்குறைய 35 கிராம் நைட்ரஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 முறை உள்ளிழுக்கிறது. ஒரு முறைக்கு 0.175 கிராம். 3000 ஆர்பிஎம்மில் 25 முறைதான் உள்ளிழுக்கிறது. அப்போது ஒரு முறைக்கு 0.35 கிராம், சரியாக இரண்டு மடங்கு. எனவே குறைந்த சுழற்சியில் நைட்ரஸைத் திறந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் தாறுமாறாக எகிறி, கனெக்டிங் ராடு வளையும். ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்டிருக்கும்போது மட்டும், சுமார் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் மட்டும் சோலினாய்டு திறக்கும்படி சுவிட்சுகள் வைப்பது இதனால்தான். மேல் எல்லையும் வேண்டும். ரெவ் லிமிட்டர் பல கார்களில் பெட்ரோலை வெட்டித்தான் இன்ஜினை அடக்குகிறது. அந்தக் கணத்தில் நைட்ரஸ் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லிமிட்டருக்குச் சில நூறு ஆர்பிஎம் முன்பே நைட்ரஸ் நின்றுவிட வேண்டும். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச்சும் கட்டாயம். இதில் காசு மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு இன்ஜினுக்குச் செலவழிப்பார்கள்.

பெட்ரோல் எவ்வளவு? முழுதாக எரிய ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 9.6 கிராம் நைட்ரஸ் வேண்டும் என்கிறது வேதியியல் கணக்கு. நடைமுறையில் அந்தக் கணக்குக்கு அருகில்கூடப் போகமாட்டார்கள். பெட்ரோலைத் தாராளமாகவே விடுவார்கள். மிஞ்சிய பெட்ரோல் கொஞ்சம் பலத்தைக் குறைக்கும், ஆனால் சூட்டைத் தணித்து, கலவை தறிகெட்டுத் தானே வெடிக்கும் நாக்கிங்கைத் தடுக்கும். முதல் ஓட்டத்தில் செழிப்பாக வைத்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்துவருவதே முறை. மெலிவிலிருந்து தொடங்கிச் செழிப்புக்கு வர நினைப்பவருக்கு இரண்டாவது ஓட்டம் கிடைக்காமலே போகலாம்.

இக்னிஷன் டைமிங்கும் மாற வேண்டும். நைட்ரஸ் கலந்த கலவை வேகமாக எரிகிறது. ஸ்பார்க் பழைய நேரத்திலேயே விழுந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய் அதை எதிர்த்துத் தள்ளும். கூட்டும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் டைமிங்கை 2 டிகிரி பின்தள்ளுவது டியூனர்களின் வழக்கமான தொடக்கக் கணக்கு. சூட்டைச் சீக்கிரம் கடத்தும் ‘கோல்டு’ ரக ஸ்பார்க் பிளக், வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளி, நல்ல ஆக்டேன் பெட்ரோல் ஆகியவையும் சேர வேண்டும்.

உள்ளே எதையும் மாற்றாத நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 50 குதிரைத்திறன் ஜெட்டில் தொடங்குவதே சரி என்பேன். முதலில் நைட்ரஸ் இல்லாமல், பலத்தை அளக்கும் டைனோவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலேயே நாக்கிங் இருந்தால் பாட்டிலைத் திறக்கவே கூடாது. பிறகு நைட்ரஸோடு ஒரு சின்ன ஓட்டம். புகைபோக்கியில் வைத்த ஆக்சிஜன் சென்சார் கலவையைக் காட்டும். ஆனால் அது எல்லாச் சிலிண்டர்களின் சராசரியைத்தான் காட்டும்; ஒரு சிலிண்டர் மட்டும் மெலிந்திருந்தால் மறைந்துவிடும். அதனால் முழு வேகத்திலேயே இன்ஜினை அணைத்து, வண்டி நின்றதும் பிளக்குகளைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள்போல் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. மினுமினுக்கும் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. அந்த இன்ஜினை அன்று மறுபடி ஓட்டக் கூடாது: டைமிங்கை இன்னும் பின்தள்ளி, பெட்ரோல் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனைச் சோதித்த பிறகே அடுத்த ஓட்டம்.